கடைசி இடத்தில் கிடக்கும் ஃபுட்டி கிளப்பை ஃப்ரீ ஏஜென்சி தூக்கி நிறுத்துமா?

கேட்டவர் எழுதியிருந்தது இதுதான்: வேலைக்காக மெல்போர்ன் வந்து ஆறு வருடம் ஆகிறது. பதினொரு வயது மகனுக்குப் பள்ளித் தோழர்கள் வழியாக ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து, அதாவது இங்கே எல்லோரும் ஃபுட்டி என்று சொல்லும் ஆட்டம், பிடித்துப்போய்விட்டது. அவன் தேர்ந்தெடுத்த கிளப் நார்த் மெல்போர்ன். அது வாரா வாரம் தோற்கிறது. "அப்பா, நம்ம கிளப்கிட்ட சம்பளத்துக்குக் காசு மிச்சம் இருக்குன்னு சொல்றாங்களே, ஃப்ரீ ஏஜென்சியில நாலு பெரிய ஆளை எடுத்தா போதாதா?" என்று மகன் கேட்கிறானாம். (ஃப்ரீ ஏஜென்சி என்றால், ஒப்பந்தம் முடிந்த வீரர் டிரேட் இல்லாமல் தானாகவே வேறு கிளப்புக்குப் போகும் முறை.) அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பையன் கேட்டதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காசு கொடுத்து ஆளை எடுத்தால் அணி நிமிருமா என்பது ஒன்று. காசு கொடுத்தாலும் அந்த ஆள் வருவானா என்பது இன்னொன்று. அவன் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது: நம் ஆள் ஃப்ரீ ஏஜென்சியில் போய்விட்டால் நமக்கு என்ன கிடைக்கும்? கீழே கிடக்கும் கிளப்புக்கு இதுவரை அதிகம் பலன் தந்தது இந்த மூன்றாவதுதான் என்பது என் எண்ணம்.

நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபுட்டியின் தேசிய லீக்கான ஏஎஃப்எல்லில் எந்தக் கிளப்பிலும் நான் வேலை பார்த்ததில்லை. மெல்போர்னின் கிழக்குப் புறநகரில் ஒரு வட்டார லீக் கிளப்பில் பன்னிரண்டு வருடம் வீரர் தேர்வுக் குழுவில் இருந்தேன். அந்த நிலையிலும் விக்டோரியாவில் சம்பள வரம்பு உண்டு, ஒவ்வொரு வீரருக்கும் புள்ளி போட்டு மொத்தத்துக்கு எல்லை வைக்கும் முறை உண்டு. தொகைகள் சிறியவை என்றாலும், தோற்கும் கிளப்புக்கு ஆள் பிடிக்கும் சிரமம் எல்லா மட்டத்திலும் ஒரே மாதிரிதான். ஏஎஃப்எல் பற்றி நான் சொல்வது பொதுவில் தெரிந்த விவரங்களையும் அந்த அனுபவத்தையும் சேர்த்து யோசித்தது.

முதலில் விதி. ஏஎஃப்எல்லில் ஃப்ரீ ஏஜென்சி 2012 பருவத்தின் முடிவில் வந்தது. அதற்கு முன் ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு கிளப்புக்குப் போக வேண்டுமானால் இரண்டு கிளப்களும் பேசி டிரேட் செய்ய வேண்டும், அதாவது அவருக்கு ஈடாக வேறு வீரரையோ டிராஃப்ட் தேர்வையோ கொடுக்க வேண்டும்; இல்லையேல் அவர் டிராஃப்ட்டில், அதாவது கீழே முடித்த கிளப்பிலிருந்து தொடங்கி வரிசையாக ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையில், பெயர் கொடுக்க வேண்டும். இப்போது ஒரே கிளப்பில் எட்டு வருடம் இருந்தவர், ஒப்பந்தம் முடிந்ததும் தானாகவே போகலாம். ஆனால் அவர் அந்தக் கிளப்பில் அதிகச் சம்பளம் வாங்கும் மேல் கால்பங்கில் இருந்தால் அவர் 'கட்டுப்பாடுள்ள' ஃப்ரீ ஏஜென்ட். வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு ஈடான தொகையைப் பழைய கிளப் தானும் தரத் தயாரென்றால் அவரை நேராகப் போகவிடாமல் மறிக்கலாம். பத்து வருடம் ஆனவர்களுக்கு அந்த மறியல் கிடையாது. கிளப்பே பட்டியலிலிருந்து நீக்கிய வீரரும் ஃப்ரீ ஏஜென்ட்தான். அவரை யாரும் டிரேட் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த எட்டு வருடத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினெட்டு வயதில் டிராஃப்ட்டில் வருகிறவன் ஃப்ரீ ஏஜென்ட் ஆகும்போது இருபத்தாறு. கடைசி இடத்துக் கிளப் ஒன்று புதிதாகக் கட்டி எழுந்து இறுதிச் சுற்றுகளுக்குப் போக நான்கைந்து வருடம் பிடிக்கும். அதற்குள் அவனுக்கு முப்பத்தொன்று ஆகிவிடும். பெரிய தொகைக்கு நீண்ட ஒப்பந்தம் போட்டால், அவனது நல்ல வருடங்கள் தோல்விகளில் கரையும். அணி நிமிரும் வருடத்தில் அவன் தொடை நரம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பான். எந்த வீரரும் எந்த முகவரும் போடும் முதல் கணக்கு இது. பையனின் நான்கு பெரிய ஆட்களும் இதைப் போட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

கிளப் பக்கத்தில் இன்னொரு நெருக்கடி. ஏஎஃப்எல்லில் சம்பளத்துக்கு உச்சவரம்பு மட்டுமல்ல, அடிவரம்பும் உண்டு; வரம்பில் 95 சதவீதத்தையாவது செலவழித்தே ஆகவேண்டும். அணி முழுக்க இருபது வயதுப் பையன்களாக இருந்தால் அந்தப் பணத்தை யாருக்குக் கொடுப்பது? ஆகவே சுமாரான வீரர்களுக்கு அவர்கள் தகுதிக்கு மீறிய தொகை போகிறது. "காசு மிச்சம் இருக்கு" என்று பையன் காதில் விழுந்தது உண்மைதான். அந்த மிச்சம் பலமாக மாறுவதற்கு ஒரு வழி உண்டு: கையிலிருக்கும் இளைஞர்களின் ஒப்பந்தப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துத் தீர்த்துவிட்டால், அணி தேறும் வருடங்களில் வரம்புக்குள் இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில் அப்போது ஃப்ரீ ஏஜென்ட்டை எடுக்கலாம். பணத்தைக் காலத்தில் நகர்த்துவது என்று இதைச் சொல்லலாம். வெளியே யாருக்கும் தெரியாமல் நடக்கும் வேலை இது, ஆனால் நல்ல கிளப்பையும் மோசமான கிளப்பையும் பிரிக்கும் இடங்களில் முக்கியமானது.

இனி வரலாறு. உங்கள் மகனுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் ஃபுட்டியில் ஃப்ரீ ஏஜென்சியால் ஒரு நலிந்த கிளப் நிமிர்ந்த மிகச் சிறந்த கதை அவனுடைய கிளப்பின் கதைதான். நார்த் மெல்போர்ன் 1925-இல், ஏஎஃப்எல்லின் அன்றைய வடிவமான விஎஃப்எல் லீக்கில் சேர்ந்தது. ஐம்பது வருடம் ஒரு கோப்பைகூட இல்லை. 1972 பருவத்தில் ஒரே ஒரு வெற்றி, கடைசி இடம். அந்த வருடம் லீக் ஒரு புது விதி கொண்டுவந்தது: ஒரு கிளப்பில் பத்து வருடம் ஆடியவர், அந்தக் கிளப்பின் அனுமதி இல்லாமலே வேறு கிளப்புக்குப் போகலாம். சில மாதங்களிலேயே பயந்துபோய் லீக் அந்த விதியைக் கைவிட்டது. அந்தக் குறுகிய இடைவெளியில் மற்ற எந்தக் கிளப்பையும்விட வேகமாக ஓடியது நார்த். எசெண்டனின் கேப்டனாக இருந்த பாரி டேவிஸ், ஜீலோங்கின் கோல் இயந்திரம் டக் வேட், சவுத் மெல்போர்னின் தடுப்பாட்டக்காரர் ஜான் ராண்டல் என மூன்று பேரைக் கொண்டுவந்தது. கூடவே, கார்ல்டனைக் கோப்பைக்கு அழைத்துப்போன ரான் பராசியைப் பயிற்சியாளராக அமர்த்தியது. கிளப்பின் தலைவர் ஆலன் ஐலெட்டும் செயலாளர் ரான் ஜோசப்பும் ஓடிய ஓட்டம் அது.

1973-இல் ஆறாம் இடம். 1974-இல் இறுதிப்போட்டி, ரிச்மண்டிடம் தோல்வி. அந்தப் பருவத்தில் டக் வேட் மட்டும் 103 கோல். 1975-இல் ஹாதோர்னை 55 புள்ளிகளில் வென்று முதல் கோப்பை, பாரி டேவிஸ் கேப்டன். கடைசி இடத்திலிருந்து மூன்றே பருவத்தில்.

இந்தக் கதையை மெல்போர்ன் முதியவர்கள் சொல்லும்போது மூன்று நட்சத்திரங்களோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்கு மேல் உள்ள பகுதிதான் முக்கியம். அந்த மூவரும் வந்தபோது நார்த்தில் கீத் கிரெய்க் இருந்தார். 1973, 1974 இரண்டு வருடமும் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் அவருக்குத்தான். டேவிட் டென்ச் இருந்தார். அடுத்து மால்கம் பிளைட்டும் பாரி கேபிளும் வெளி மாநிலங்களிலிருந்து வந்தார்கள். அதாவது நல்ல இளைஞர்கள் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தார்கள், அவர்களோடு நின்று ஆட அனுபவசாலிகள் இல்லாமல் இருந்தது. வெளியிலிருந்து வந்த மூவர் அந்த ஓட்டையை அடைத்தார்கள். 1975 கோப்பையோடு டேவிஸும் வேடும் ஓய்வு பெற்றார்கள், ராண்டல் பழைய கிளப்புக்கே திரும்பினார். நார்த் சரியவில்லை, 1974 முதல் 1978 வரை ஐந்து இறுதிப்போட்டிகள் தொடர்ந்து ஆடியது, 1977-இல் இன்னொரு கோப்பையும் வாங்கியது. வாங்கிய ஆட்கள் போன பிறகும் அணி நின்றது என்பதைத்தான் நான் வெற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1973-இல் சம்பள வரம்பு கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். வரம்பும் டிராஃப்ட்டும் 1980-களில் வந்தவை. 1983-இல் சில்வியோ ஃபோஸ்கினி என்ற இளம் வீரர், தன்னைக் கிளப் மாறவிடாமல் தடுக்கும் விதி தொழில் செய்யும் உரிமையைப் பறிக்கிறது என்று விக்டோரியா உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து வென்றார். பழைய கட்டுகள் நீதிமன்றத்தில் நிற்காது என்று தெரிந்த பிறகு லீக் வேறு வழியில் சமநிலை தேடியது. வீரருக்கு உரிமை, பலவீனமான கிளப்புக்குப் பாதுகாப்பு என்ற இரண்டுக்கும் நடுவே லீக் அன்றிலிருந்து ஊசலாடிக்கொண்டிருக்கிறது. 2012-இன் ஃப்ரீ ஏஜென்சி அந்த ஊசலின் ஒரு வீச்சு.

அதே நார்த் மெல்போர்ன் இந்தப் புது ஃப்ரீ ஏஜென்சியிலும் முனைப்பாக இறங்கியது. 2013 முடிவில் செயின்ட் கில்டாவின் நிக் டால் சாண்டோ, 2014 முடிவில் புல்டாக்ஸின் ஷான் ஹிக்கின்ஸும் கார்ல்டனின் ஜாரட் வெய்ட்டும் வந்தார்கள். 2014, 2015 இரண்டு வருடமும் அரையிறுதிக்குச் சமமான பிரிலிமினரி ஃபைனல் வரை போனது அணி. இதை வெற்றி என்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த இரண்டு வருடங்கள் பிடித்தவை. ஆனால் 1973-இல் இருந்த கிரெய்க்கும் டென்ச்சும் இங்கே இல்லை. மூத்தவர்கள் ஒன்றாக முதிர்ந்தார்கள். 2016 முடிவில் டால் சாண்டோ உட்பட நான்கு மூத்த வீரர்களை ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். 2017-இல் பதினைந்தாம் இடம். அந்த வருடம்தான் ரிச்மண்டின் டஸ்டின் மார்டினுக்கும் ஜிடபிள்யூஎஸ் (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) கிளப்பின் ஜாஷ் கெல்லிக்கும் நார்த் மிகப் பெரிய தொகைகளை நீட்டியது என்று செய்திகள் வந்தன. இரண்டு பேரும் வரவில்லை. மார்டின் ரிச்மண்டிலேயே இருந்து அதே வருடம் கோப்பை வாங்கினார். காசு இருந்தும் ஆள் வராத நிலைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 2020 முதல் 2025 வரை ஆறு பருவமும் நார்த் பதினெட்டில் கடைசி மூன்று இடங்களுக்குள்தான் முடித்தது.

பெரிய ஃப்ரீ ஏஜென்ட்கள் எங்கே போனார்கள் என்று வரிசையாகப் பாருங்கள். லான்ஸ் ஃபிராங்க்ளின் 2013-இல் ஹாதோர்னிலிருந்து சிட்னிக்கு, ஒன்பது வருட ஒப்பந்தத்தில்; சிட்னி அதற்கு முந்தைய வருடச் சாம்பியன். ஜேம்ஸ் ஃபிராலி 2014-இல் மெல்போர்ன் என்ற பெயருள்ள கிளப்பிலிருந்து ஹாதோர்னுக்கு. அடுத்த வருடமே கோப்பை. டாம் லின்ச் 2018-இல் கோல்ட் கோஸ்ட்டிலிருந்து ரிச்மண்டுக்கு. 2019, 2020 கோப்பைகள். ஜோ டேனிஹர் 2020-இல் எசெண்டனிலிருந்து பிரிஸ்பேனுக்கு; 2024 கோப்பை. பலமான கிளப்களைத் தேடித்தான் போயிருக்கிறார்கள். எதிர்த்திசையில் போனவர்களில் பெரிய பெயர் டேல் தாமஸ். 2013-இல் காலிங்வுட்டிலிருந்து, தன் பழைய பயிற்சியாளர் மிக் மால்ட்ஹவுஸ் இருந்த கார்ல்டனுக்குப் போனார். 2015-இல் மால்ட்ஹவுஸை நீக்கினார்கள், கார்ல்டன் கடைசி இடம். 2018-இல் மறுபடியும் கடைசி. தாமஸ் மேல் பழி சொல்ல எதுவும் இல்லை. ஒரு தனி ஆள் தாங்கக்கூடிய பாரமா அது?

இங்கே வரை படித்தால் ஃப்ரீ ஏஜென்சி பணக்காரனை மேலும் பணக்காரன் ஆக்கும் விதி என்றுதான் தோன்றும். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் இழப்பீட்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஃப்ரீ ஏஜென்ட் போய்விட்டால், இழந்த கிளப்புக்கு லீக் ஒரு கூடுதல் டிராஃப்ட் தேர்வு தருகிறது. போனவரின் வயது, புது ஒப்பந்தத்தின் தொகை, நீளம் ஆகியவற்றை வைத்து அது எந்தப் படியில் என்று முடிவாகும். மேல் படி என்றால், அந்தக் கிளப்பின் சொந்த முதல் தேர்வுக்கு அடுத்ததாகவே இன்னொரு தேர்வு. சொந்தத் தேர்வு எங்கே இருக்கிறது என்பது நீ எங்கே முடித்தாய் என்பதைப் பொறுத்தது. ஆகவே இப்படி நடந்தது: ஒரு தலைமுறையின் மிகப் பெரிய முன்வரிசை வீரரான ஃபிராங்க்ளினை இழந்த ஹாதோர்னுக்குக் கிடைத்தது 19-ஆம் தேர்வு, ஏனென்றால் அவர்கள் சாம்பியன். நல்ல தடுப்பாட்டக்காரர், ஆனால் ஃபிராங்க்ளினோடு ஒப்பிட முடியாத ஃபிராலியை இழந்த மெல்போர்னுக்குக் கிடைத்தது 3-ஆம் தேர்வு, ஏனென்றால் அவர்கள் கடைசிக்கு முந்தைய இடம்.

மெல்போர்ன் அதை என்ன செய்தது என்பதுதான் அழகு. 2014 டிராஃப்ட்டில் சொந்த 2-ஆம் தேர்வில் கிறிஸ்டியன் பெட்ராக்கா, இழப்பீட்டில் வந்த 3-ஆம் தேர்வில் ஆங்கஸ் பிரேஷா. ஏழு வருடம் கழித்து, 2021-இல், பெர்த்தில் நடந்த இறுதிப்போட்டியில் மெல்போர்ன் புல்டாக்ஸை 74 புள்ளிகளில் வென்று 57 வருட வறட்சியை முடித்தது. பெட்ராக்கா ஆட்ட நாயகன், பிரேஷாவும் களத்தில். நடுவில் ஸ்டீவன் மே, ஜேக் லீவர் போன்றவர்கள் டிரேடில் வந்தார்கள், டிராஃப்ட்டில் வந்த மாக்ஸ் கானும் கிளேட்டன் ஆலிவரும் வளர்ந்தார்கள். கோப்பைக்கு ஃபிராலியின் இழப்பீடு ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனால் வலித்த ஒரு பிரிவு பிற்பாடு பலனாக மாறியதற்கு இது உறுதியான சான்று.

இந்த வழியிலும் பள்ளம் உண்டு. கோல்ட் கோஸ்ட், தன் இணைக் கேப்டன் டாம் லின்ச்சை இழந்து 3-ஆம் தேர்வு பெற்றது. அதில் ஐசக் ரேங்கினை எடுத்தது. திறமையான பையன். 2022 முடிவில் அவர் தன் சொந்த மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு, அடிலெய்டுக்குப் போய்விட்டார். தேர்வு கிடைப்பது பாதி வேலை; கிடைத்த பையனுக்கு அங்கே இருக்கப் பிடிக்க வேண்டும். கோல்ட் கோஸ்ட் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது 2025-இல், லீக்கில் சேர்ந்து பதினைந்தாவது பருவத்தில். உங்கள் கிளப்பும் 2023-இல் பென் மெக்கேயை எசெண்டனிடம் இழந்து 3-ஆம் தேர்வு வாங்கியது. ஒரு தடுப்பாட்டக்காரருக்கு இவ்வளவா என்று மற்ற கிளப்களின் ஆதரவாளர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது: இழப்பீடு எந்தக் கிளப்பிடமிருந்தும் நேராக எடுக்கப்படுவதில்லை, வரிசையில் பின்னால் இருக்கும் எல்லோரையும் ஒரு படி கீழே தள்ளுகிறது. ஆளை எடுத்த எசெண்டனும் அதற்காகத் தனியாக எதையும் கொடுக்கவில்லை. கீழே கிடக்கும் கிளப்புக்கு இது உதவுகிறது என்று சொல்லும் நானே, செலவை வாங்கியவன் தலையில் கொஞ்சம் ஏற்ற வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

நலிந்த கிளப்கள் போதிய அளவு பயன்படுத்தாத இன்னொரு ஆயுதம், நான் முதலில் சொன்ன மறியல் உரிமை. 2020-இல் ஜெரமி கேமரனுக்கு ஜீலோங் தந்த அழைப்புக்கு ஈடாகத் தானும் தருகிறேன் என்றது ஜிடபிள்யூஎஸ். அப்படி மறித்த முதல் கிளப் அதுதான். கேமரன் இருக்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஜீலோங் டிரேட் மேசைக்கு வந்தே ஆகவேண்டியதாயிற்று. மூன்று முதல் சுற்றுத் தேர்வுகள் ஜிடபிள்யூஎஸ்ஸுக்கு வந்தன. சம்பள வரம்பில் இடம் இருக்கும் கிளப்தான் இப்படி மறிக்க முடியும். கீழே கிடக்கும் கிளப்பிடம் அந்த இடம் பெரும்பாலும் இருக்கிறது. பையன் சொன்ன 'மிச்சக் காசு'க்கு இதுவும் ஒரு பயன்.

ஆளை எடுப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. யாரை, எப்போது என்பதில்தான் எல்லாம். 2012 முடிவில் ரிச்மண்ட் போர்ட் அடிலெய்டிலிருந்து டிராய் சாப்ளினை எடுத்தது. பத்திரிகையின் முதல் பக்கத்தில் வரும் பெயர் இல்லை. இருபத்தாறு வயதுத் தடுப்பாட்டக்காரர். பன்னிரண்டாம் இடத்திலிருந்த ரிச்மண்ட் அடுத்த வருடம் ஐந்தாம் இடம், 2001-க்குப் பிறகு முதல்முறையாக இறுதிச் சுற்று. அதேபோல் மெல்போர்ன், இரண்டே வெற்றிகளோடு முடித்த 2013-க்குப் பிறகு, புல்டாக்ஸ் நீக்கிய டேனியல் கிராஸைச் சேர்த்தது. முப்பது வயது, இருநூறு ஆட்டத்துக்கு மேல் ஆடியவர், டிராஃப்ட் தேர்வு எதுவும் விலை இல்லை. பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு ஒரு தொழில்முறை வீரனின் வாரம் எப்படி இருக்கும் என்று காட்ட அப்படி ஒருவர் வேண்டும்.

இதை நான் சொந்தமாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் கிளப் கடைசிக்கு இரண்டு இடம் மேலே கிடந்த ஒரு வருடம், விளம்பரதாரர் ஒருவர் தாராளமாகக் கொடுத்தார். முப்பது தாண்டிய மூன்று பெரிய பெயர்களை எடுத்தோம். நானும் கை தூக்கியவன். அந்தப் பருவம் கூடுதலாக நான்கு ஆட்டம் வென்றோம், ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப் அறையில் கூட்டம். அடுத்த வருடம் விளம்பரதாரர் விலகினார், மூவரும் போனார்கள். அதைவிட வலித்தது, நடுக்களத்தில் ஆட வேண்டிய எங்கள் சொந்தப் பையன்கள் இரண்டு பேர், தங்கள் இடத்தில் வேறு ஆள் நிற்பதைப் பார்த்துப் பக்கத்துக் கிளப்புகளுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் ஐந்து வயதிலிருந்து எங்கள் மைதானத்தில் பந்து உதைத்தவர்கள். அவர்களில் ஒருவனின் அம்மா என்னிடம், "நீங்கள் அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு ஒரு ஆளை எடுக்கப் பேச்சு வரும்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி, அவன் நிற்கப்போகும் இடத்தில் இப்போது யார் நிற்கிறான் என்பதுதான்.

சரியான வரிசையைப் பார்க்க வேண்டுமானால் பிரிஸ்பேனைப் பாருங்கள். 2013-இல் ஐந்து இளம் வீரர்கள் ஒரே நேரத்தில் அந்தக் கிளப்பை விட்டுப் போனார்கள். 2017-இல் கடைசி இடம். அந்த வருடம் கிறிஸ் ஃபேகன் பயிற்சியாளராக வந்தார். முதலில் செய்த வேலை இளைஞர்கள் தங்க விரும்பும் இடமாகக் கிளப்பை மாற்றியது. பிறகு ஹாதோர்னிலிருந்து லூக் ஹாட்ஜ், அடிலெய்டிலிருந்து சார்லி கேமரன், ஃபிரீமேன்டிலிலிருந்து லாக்கி நீல், எல்லாம் டிரேடில். 2019-இல் அட்டவணையில் இரண்டாம் இடம். அதற்குப் பிறகுதான், 2020-இல், ஜோ டேனிஹர் ஃப்ரீ ஏஜென்ட்டாக வந்தார். 2024, 2025 இரண்டு கோப்பைகள். ஃப்ரீ ஏஜென்சி அங்கே கட்டடத்தின் மேல்மாடி. அஸ்திவாரத்தில் அதற்கு வேலை இருக்கவில்லை.

எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் பிரித்துச் சொல்கிறேன். விதிகள், தேர்வு எண்கள், யார் எங்கே போனார்கள் என்பவை உறுதி. இழப்பீட்டைக் கணக்கிடும் சூத்திரத்தை லீக் முழுதாக வெளியிடுவதில்லை, ஒப்பந்தத் தொகைகள் பெரும்பாலும் பத்திரிகைச் செய்திகள்; அவற்றைத் தோராயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃப்ரீ ஏஜென்ட் வந்ததால்தான் அணி நிமிர்ந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே நேரத்தில் பயிற்சியாளர் மாறுகிறார், பையன்கள் வளர்கிறார்கள், காயங்கள் குறைகின்றன. பதினைந்து வருடங்கூட ஆகாத முறையில் பெரிய உதாரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எட்டு வருடத்தை ஆறாகக் குறைத்தால் நலிந்த கிளப்களுக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன், இருபத்து நான்கு வயது வீரன் என்றால் கட்டி எழுப்பும் காலத்தோடு அவன் வயது ஒத்துப்போகும். ஆனால் அதே விதி அவர்களின் சொந்தப் பையன்களையும் சீக்கிரம் வெளியே இழுக்கும். எது கனமாக இருக்கும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. 2025 முடிவில் செயின்ட் கில்டா, கார்ல்டனிலிருந்து டாம் டி கோனிங்கையும் ஜாக் சில்வாக்னியையும் ஃப்ரீ ஏஜென்ட்களாக ஒரே நேரத்தில் எடுத்தது. நடுப்பகுதிக் கிளப் ஒன்று இவ்வளவு துணிந்து வாங்கியது அபூர்வம். அதை எடைபோட இன்னும் சில பருவங்கள் தேவை.

மகனுக்கு நீங்கள் சொல்லக்கூடியது இது. அக்டோபரில் ஃப்ரீ ஏஜென்சி சன்னல் திறக்கும்போது நார்த்துக்கு யார் வருகிறார் என்று மட்டும் பார்க்க வேண்டாம். ஹாரி ஷீசல், ஜார்ஜ் வார்ட்லா, கோல்பி மெக்கர்ச்சர் என்று அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடமாகியிருக்கும் பெயர்கள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் தங்கினால், இருபத்தாறு இருபத்தேழு வயதில் ஒரு நல்ல வீரனுக்கு அந்தக் கிளப்புக்கு வர ஒரு காரணம் இருக்கும். அப்போது அவன் கேட்ட நான்கு பெரிய ஆட்கள் தேவைப்படாது; 1973-இல் மூன்று பேர்தான் வந்தார்கள்.